சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

ஜெபமணி அண்ணன் இறந்துபோன செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில்தான் வந்தது. திருப்பதி கம்ப்யூட்டர் வியாபாரிகள் குழுவில் காலை ஏழு மணிக்கு ஒருவர் 'தீரனி லோட்டு' என்று தெலுங்கில் போட்டார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று அர்த்தம். அவசரத்தில் கடைசி எழுத்தின் உகரக் குறியை, தெலுங்கில் கொம்பு என்பார்கள், விட்டுவிட்டார். அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னும் பதினோரு பேர் அதே வரியை, அதே கொம்பு இல்லாமல், எடுத்துப் போட்டார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர், அவர் உயிரோடு இருந்தபோது அவரைப் பைத்தியக்காரன் என்று சொல்லித் திரிந்தவர்கள். மீதி மூன்று பேர் அவரைப் பார்த்ததே கிடையாது. பன்னிரண்டாவதாகப் போட்ட ஆள் நான். ஒன்பதில் நானும் சேர்த்தி.

அடக்கம் முடிந்த மறுநாள் சித்தூர் மிஷன் சபையின் செயலாளர் ஆசீர்வாதம் அவர்கள் போன் செய்தார். சபையின் மாத இதழுக்கு ஜெபமணி அண்ணனைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "சுருக்கமா, உருக்கமா இருக்கட்டும் முனிரத்னம். எங்க சபையோட பதிவேட்டையே காப்பாத்திக் குடுத்தவர் நீங்க. நீங்க எழுதினா மதிப்பா இருக்கும்" என்றார். சரி சார் என்றேன். சுருக்கம் என் கையில் இல்லை. உருக்கத்துக்கும் உத்தரவாதம் தர முடியாது.

நான் இந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. வரதய்யபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுத்தை சினிமா போஸ்டரிலும் சென்னை பஸ்ஸிலும் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரை மரியாதையாக 'அவர்' என்று எழுதுவதுதான் முறை, அப்படியே எழுதுகிறேன். ஆனால் இருபது வருஷம் எங்கள் கடைத்தெருவில் அவருக்குப் பெயர் 'அந்தாளு'. அவருக்கு நாங்கள் எல்லோருமே 'டேய்'தான்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெபமணி அண்ணன் சித்தூரில் ரேடியோவும் பிறகு டீவியும் பழுது பார்த்தவர். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று அலைய ஆரம்பித்த காலத்தில் திருப்பதிக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை போட்டார். அப்போது தெருவுக்கு நாலு கம்ப்யூட்டர் சென்டர். நிலத்தை விற்று, நகையை வைத்து, பிள்ளைகளைக் கோர்ஸில் சேர்த்தார்கள். படித்தவர்கள் ஹைதராபாத் போனார்கள், அங்கிருந்து அமெரிக்கா போனார்கள். போகாதவர்கள் என்னைப் போல் கடை வைத்தார்கள். ஜெபமணி அண்ணனுக்குப் போனவர்களையும் பிடிக்காது, இருந்தவர்களையும் பிடிக்காது.

அவருடைய கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. உட்கார நாற்காலி இல்லை. சட்டையின் மேல் பித்தான் இரண்டும் எப்போதும் திறந்தே இருக்கும். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு பழைய இட்லித் தட்டில், ஒரு டிஸ்குக்கு ஒரு குழி என்று போட்டு வைத்திருப்பார். அந்தத் தட்டை யாராவது ஒரு அங்குலம் நகர்த்தினால் போதும், அவன் அப்பன் பாட்டன் வரை போய்த் திட்டுவார். ஹார்ட் டிஸ்க் செத்துப்போய் வருகிறவர்களை அவர் வரவேற்றதை நான் பார்த்ததில்லை. டிஸ்கைக் குப்புறத் திருப்பி, அடியில் இருக்கும் பச்சைப் போர்டை அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டி, "சதுவு" என்பார். தெலுங்கில் படி என்று அர்த்தம். போர்டின் மேல் அச்சடித்த நம்பரை வந்தவர் கண்ணைச் சுருக்கி வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்து முடித்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அதனால் கடைத்தெருவில் அவரைச் சதுவு ஜெபமணி என்றோம். அதைச் சொல்லிச் சிரிப்போம்.

அவருக்கு அறவே ஆகாத வார்த்தை ஒன்று உண்டு. சேம் டு சேம். எங்கள் தொழிலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் மந்திரம். போர்டு போய்விட்டதா, அதே கம்பெனி, அதே மாடல் டிஸ்க் ஒன்று தேடிப் பிடி, அதிலிருந்து போர்டைக் கழற்றி இதில் மாட்டு, சேம் டு சேம். பாதி டிஸ்குகள் அப்படியே உயிர் பெற்றுவிடும். மீதிப் பாதியை, தலையெழுத்து என்று வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒருமுறை அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த பையன் ஒருவன், "அதே மாடல் கொண்டு வந்திருக்கேன் அங்கிள், சேம் டு சேம்" என்று சொல்லிவிட்டான். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன்னாட்டம் இன்னொருத்தன இட்டுக்கினு வந்து உங்க வூட்ல நிக்க வச்சா, உங்கம்மா சேம் டு சேம்னு சோறு போடுவாளா? போர்டு நம்பர் சதுவு" என்றார். பையன் டிஸ்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

என்னிடமும் அப்படித்தான். கடை திறந்த முதல் வாரம் அவரிடம் போய், போர்டைக் கழற்றும் சின்ன நட்சத்திர ஸ்க்ரூடிரைவரை இரவல் கேட்டேன். ஐந்தாறு வாடிக்கையாளர்கள் எதிரில், "ஸ்க்ரூடிரைவர் இல்லாதவன் இன்னாத்துக்குடா கடை தொறந்தே? போய் போண்டா போடு, வாங்கித் துன்னுட்டுப் போவாங்க" என்றார். எங்கள் குடும்பத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகாத முதல் ஆள் நான். கண்ணாடிக் கதவு போட்டு, சாமி படம் மாட்டி, சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் போண்டா பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. அன்றிலிருந்து அவரை மனதார வெறுத்தேன். எதிரில் வந்தால் போனில் பேசுகிற மாதிரி நடந்து போவேன்.

அவர் சபையை விட்டு விலகிய கதையும் அந்த வாயால் வந்ததுதான். ஆசீர்வாதம் அவர்கள் செயலாளரானதும் சபைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். என் கடையில்தான் வாங்கினார். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை, மூன்று தலைமுறைப் பெயர்களை, ஆள் வைத்து அதில் டைப் அடித்தார்கள். முடிந்ததும், பூச்சி அரித்த அந்தப் பெரிய நோட்டுகளைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட முடிவெடுத்தார். ஜெபமணி அண்ணன் சபைக் கூட்டத்தில் எழுந்து, "ஒரே டிஸ்க்ல வச்சிக்கினு நோட்டைத் தூக்கிப் போடறவன் மாங்கா மடையன்" என்றார். செயலாளர் சிரித்துக்கொண்டே, "ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவங்க அந்த வேலையைப் பார்க்கட்டும். நிர்வாகம் படிச்சவங்க பார்ப்போம்" என்றார். சபையும் சிரித்தது. நோட்டுகள் போயின. ஜெபமணி அண்ணன் அதற்குப் பிறகு கோயில் படி ஏறவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, சுத்தம் செய்ய என் கடைக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள். டிஸ்கை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்து, வேறு கம்ப்யூட்டரில் வயரால் இணைத்திருந்தேன். போர்டு மேல் பக்கம் பார்த்து இருந்தது. ஒரு காப்பி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை என்று நினைத்தேன். பூஜை முடியட்டும், நல்ல நேரத்தில் எடுப்போம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் குளித்து, வேட்டி கட்டி, பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்தேன். மானிட்டருக்கு, கீபோர்டுக்கு, பிரிண்டருக்கு, ஸ்க்ரூடிரைவருக்கு, ஒவ்வொன்றுக்கும் மூன்று விரலால் பட்டை, நடுவில் குங்குமம். பொருளாக என்ன கண்ணில் பட்டதோ அத்தனைக்கும் வைத்தேன். அந்த டிஸ்குக்கும் வைத்தேன். பச்சைப் போர்டின் நட்டநடுவில், நன்றாகத் தடவி, கெட்டியாக வைத்தேன். கற்பூரம் காட்டினேன். எல்லாவற்றையும் ஒரு முறை ஓடவிட வேண்டும் என்பது வழக்கம். சுவிட்சைப் போட்டேன்.

பட்டென்று ஒரு சத்தம், ஒரு சின்னப் புகை. கடையெல்லாம் சந்தன வாசனை. என் மனைவி, பூஜை நல்லபடியாக நடந்தது என்று சாமி கும்பிட்டாள்.

எரிந்துபோனது என்ன என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. சித்தூர் பக்கத்துக் கங்காதர நெல்லூரிலிருந்து ரூத்தம்மா வந்தார். அவர் மகள் ஸ்டெல்லா, சித்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தகப்பன் இல்லை, வெகு நாள் கழித்துப் பிறந்து இன்னும் படிக்கிற இரண்டு தம்பிகள். குவைத்தில் வேலை கிடைத்திருந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பள்ளிச் சான்றிதழ்படி ஸ்டெல்லாவுக்கு முப்பத்தாறு. பள்ளியில் சேர்த்த அன்று, கையைத் தலைக்கு மேலே போட்டு மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார்களாம். கை நீளமான பெண், தொட்டுவிட்டது. வாத்தியார் இரண்டு வயதைக் கூட்டி எழுதிவிட்டார். குழந்தையாக ஞானஸ்நானம் கொடுத்த தேதி சபைப் பதிவேட்டில் இருக்கிறது, அதைப் போதகர் கையெழுத்தோடு கொண்டுவந்தால் வயதைத் திருத்த முடியும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"கோயில்ல கேட்டேன், பொட்டி திருப்பதில உங்காண்ட கீதுன்னாங்க. எங்க ஸ்டெல்லா பேரு அதுல கீதா பாரு நைனா" என்றார் ரூத்தம்மா.

"கீதும்மா. சுத்தம் பண்ணிக்கினு கீறேன். ரெண்டு நாள்ல தரேன்" என்றேன். டிஸ்க் அவருக்கு எதிரிலேயே, கருகின சந்தனத்தோடு, ஒரு துண்டுக்கு அடியில் இருந்தது.

அன்று மத்தியானமே சென்னைக்குப் பஸ் ஏறினேன். அரை மணி தூரத்து வடமாலபேட்டை தாண்டுவதற்குள் தெரிந்த சாமிகளுக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். சென்னையில் ஒரு நாள் முழுக்க அலைந்து, அதே கம்பெனி, அதே மாடல் பழைய டிஸ்க் ஒன்று பிடித்தேன். போர்டைத் திருப்பி அந்த நம்பரைக்கூடப் பார்த்தேன், அதுவும் ஒன்றாகவே இருந்தது. ஊருக்கு வந்து ஆறு ஸ்க்ரூவைக் கழற்றி, போர்டை மாற்றி, மின்சாரம் கொடுத்தேன். டிஸ்க் சுற்றியது. பிறகு டக் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் அப்படி ஒன்று இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. பத்து தரம் போட்டுப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் ரூத்தம்மா உட்கார்ந்திருந்தார். தினமும் முதல் பஸ்ஸில் வந்து உட்கார்ந்துகொள்வார். புதன்கிழமை ஆகிவிட்டது. டிஸ்கையும் இரண்டு போர்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு, பின்வாசல் வழியாக அந்தாளிடம் போனேன்.

அவர் துண்டைப் பிரித்து, எரிந்த போர்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னாடா, பன்னீர் வேற போட்டியா?"

கருகின சந்தனத்தை நகத்தால் சுரண்டப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"கல்லுக்கு வச்சா கல்லு ஒண்ணும் சொல்லாது. கரண்ட் ஓடற எடத்துல ஈரத்த தடவி கற்பூரம் காட்டிக்கினு கீற. உன்னயெல்லாம் தொழில் பண்ண வுட்டாங்க பாரு." ஒரு கால் மணி நேரம் திட்டினார். என் கண்ணாடிக் கதவைத் திட்டினார், சுழல் நாற்காலியைத் திட்டினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில், "யாருது?" என்றார். சொன்னேன். ரூத்தம்மா பெஞ்சில் இருப்பதையும் வெள்ளிக்கிழமையையும் சொன்னேன். அதற்குப் பிறகு திட்டவில்லை.

எரிந்த போர்டின் ஓரத்தில் அரிசி அளவில், எட்டுக் கால் உள்ள ஒரு சிப்பு இருந்தது. அதைச் சுடவைத்துக் கழற்றினார். நான் வாங்கிவந்த போர்டிலும் அதே இடத்தில் அதே மாதிரி ஒன்று இருந்தது. அதையும் கழற்றிப் போட்டுவிட்டு, பழையதைப் புதியதில் வைத்து, எட்டுக் காலையும் ஒவ்வொன்றாக ஈயம் வைத்து ஒட்டினார்.

"ஒவ்வொரு டிஸ்க்கும் செய்யறப்பவே கொஞ்சம் கோணலாத்தான் வருது. எங்க கோணல், எவ்ளோ கோணல்னு இந்தச் சிப்புல எழுதி வச்சி அனுப்பறான். நீ வேற ஒருத்தனோட கோணல இதுக்குக் குடுத்தா, அது எப்பிடிடா தன்னைப் படிக்கும்? சேம் டு சேமாம்" என்றார்.

மின்சாரம் கொடுத்தார். டக் டக் இல்லை. டிஸ்க் சத்தமில்லாமல் சுற்றியது, திரையில் பதிவேடு வந்தது. முதல் வேலையாக இரண்டு சி.டி.யில் காப்பி எடுத்தார். பிறகு ஸ்டெல்லாவின் பெயரைத் தேடினோம். இருந்தது. பிறந்த தேதியும் ஞானஸ்நானத் தேதியும் இருந்தன. முப்பத்துநான்கு வயதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இட்லித் தட்டைத் துடைத்தார்.

போகும்போது சொன்னார். "கரண்ட்ல போச்சுன்னு சொல்லிடு. என் பேர எடுக்காத. அந்த ஆசீர்வாதம் நன்றி சொல்றேன்னு இங்க வந்து நிப்பான், அந்த மூஞ்சிய நான் பாக்கணுமா?"

வெள்ளிக்கிழமை போதகர் கையெழுத்தோடு காகிதம் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதத்தில் ஸ்டெல்லா குவைத்துக்குப் போனாள். காகிதம் போன அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை ஆசீர்வாதம் அவர்கள் என்னைக் கோயிலுக்கு அழைத்துச் சால்வை போட்டார். மின்தடையால் அழியவிருந்த சபை வரலாற்றை மீட்ட சகோதரர் என்றார். நோட்டைத் தூக்கிப் போட்டது யார் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நான் தலையைக் குனிந்து சால்வையை வாங்கிக்கொண்டேன்.

அவர் சொன்னது, என் பேரை எடுக்காதே என்று. உன் பேரைப் போட்டுக்கொள் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

பிறகு கடை வளர்ந்தது. சர்ச் டிஸ்கை மீட்டவர் என்று மதனபள்ளியிலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள். 'டேட்டா ரெகவரி' என்று விளக்கு எரியும் போர்டு மாட்டினேன். முடியாத டிஸ்குகளைப் பின்வாசல் வழியாக அவரிடம் கொண்டுபோவேன், அவர் திட்டிக்கொண்டே செய்து தருவார், நான் முன்வாசலில் கொடுப்பேன். ஒரு நாள் என் கடை எதிரில் நின்று அந்தப் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தார். "போர்டு நல்லா கீதுடா முனி. ஆனா இதுக்கும் சிப்பு மாத்தணும்" என்றார். என்னிடம் வேலை செய்த பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கிழவனுக்குப் பைத்தியம் என்றேன் அவர்களிடம். கடைத்தெருவில் பைத்தியம் என்ற அந்தப் பெயரை முதலில் கட்டியது நான்தான்.

எதற்கெடுத்தாலும் நாலு பேர் எதிரில் மானத்தை வாங்குகிற மனிதர், என் மானம் முழுவதும் அவர் கையில் இருந்தபோது அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்காக அவரை அதிகமாக வெறுத்தேன். சொல்லித் தொலைத்திருந்தால் அன்றைக்கே தலை குனிந்து, அன்றைக்கே முடிந்திருக்கும்.

சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்தார்கள், பிறகு சிறுநீரகம் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு முறைதான் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் டிரிப்ஸ் பாட்டிலில் இருந்த நம்பரை நர்ஸிடம் சதுவு, சதுவு என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வந்துட்டியா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சித்தூரில் மிஷன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ஆசீர்வாதம் அவர்கள் பேசினார். இருபது வருஷம் கோயில் பக்கம் வராதவரைச் சபையின் தூண் என்றார். நான் மனதுக்குள் காறித் துப்பினேன். அப்போது ரூத்தம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வயதாகிவிட்டது, கை எலும்பாக இருந்தது.

"எம் பொண்ணு போனது, வூடு கட்டினது, பசங்க படிச்சி ஆளானது, எல்லாம் நீ எடுத்துக் குடுத்த காயிதம் நைனா. உன்ன மறக்க மாட்டோம்" என்றார்.

பெட்டி நாலு அடி தூரத்தில் திறந்திருந்தது. அவர் முகம் தெரிந்தது. நான் பெருந்தன்மையாக, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். சொல்லிவிட்டு, வரிசையில் நின்று, மற்றவர்களைப் போல ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். இந்தக் கட்டுரையில் நான் எத்தனையோ பேரை இளக்காரமாக எழுதியிருக்கிறேன். அந்த மண்ணைப் போட்ட ஆளைவிடக் கேவலமான ஆளை எழுதவில்லை.

இது அச்சில் வருமா என்று தெரியாது. செயலாளர் தன் பெயர் வந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார். வந்திருக்கிறது, பல இடத்தில். ஆனால் இந்த இதழை வரி விடாமல் படிப்பவர் ஒருவர் இருக்கிறார், ரூத்தம்மா. அம்மா, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்கள் மகள் பெயர் இருந்த டிஸ்கைக் கொளுத்தியவன் நான். அதை மீட்டுக் கொடுத்தவர் ஜெபமணி அண்ணன். உங்களைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஸ்டெல்லாவிடம் போனில் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரு நாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், என்னிடம் சொன்னதை அவரிடம் சொல்லுங்கள்.

அண்ணா, என் பேரை எடுக்காதே என்றீர்கள். எடுத்துவிட்டேன். கண்டவனெல்லாம் இனி உங்கள் கல்லறைக்கு வந்து நன்றி சொல்லப் போகிறான். இதற்காக நீங்கள் என்னைத் திட்டியிருக்கக்கூடிய திட்டு இதுவரை திட்டியதிலேயே பெரிதாக இருந்திருக்கும். அதைக் கேட்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.